சேறாகாத கொல்லை

பேட்டரிக்காரர் அந்தப் பெண்ணை வீட்டுக்குள் கூப்பிட்டது மண்ணைச் சோதிப்பதற்காக அல்ல. பேச்சுத்துணைக்காகத்தான் கூப்பிட்டார்.

மனைவி போய் மூன்று வருடம் ஆகிவிட்டது. அதன் பிறகு அந்த வீட்டில் அவரைத் தவிர வாய் திறக்கிற இன்னொன்று டிவிதான். அதுவும் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாது. அதனால் சிலிண்டர் போட வருகிறவர், மீட்டர் பார்க்க வருகிறவர், விலாசம் தவறி வந்து விழிக்கிற கூரியர்காரர் என்று யார் படியேறினாலும் கால் மணி நேரமாவது பிடித்து வைத்துக்கொள்வார். இருபத்தாறு வருடம் பேட்டரித் தொழிற்சாலையில் வேலை பார்த்ததால் தெருவில் அவருக்குப் பேட்டரிக்காரர் என்று பெயர். வாய் திறந்தால் சார்ஜ் இறங்காது, அதனால்தான் அந்தப் பெயர் என்பது பக்கத்து வீட்டுக்காரரின் கட்சி.

அந்தப் பெண் மண் பரிசோதகர். மூடிக் கிடக்கும் பழைய தொழிற்சாலையைச் சுற்றியுள்ள வீடுகளில் மண்ணைப் பார்த்துவிட்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டு நின்றாள். தோளில் ஒரு பை, கையில் துப்பாக்கி மாதிரி ஒரு கருவி.

"இந்தத் தெரு எங்க லிஸ்ட்ல இல்ல சார். ஃபேக்டரிலேருந்து ஒரு கிலோமீட்டர் வரைக்கும்தான் பாக்கச் சொல்லியிருக்காங்க. போன தெருவோட முடிஞ்சுது."

"லிஸ்ட்ல இல்லாட்டி என்னம்மா, வந்தது வந்துட்டீங்க. என் கொல்லைய ஒரு தடவ பாத்துட்டுப் போங்க. எத்தனை மழை பேஞ்சாலும் சேறாகாத கொல்லை இந்தத் தெருவுலயே இது ஒண்ணுதான்."

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்ததால்தான் உள்ளே வந்திருக்க வேண்டும். வேலியோடு போய்க்கொண்டிருந்த ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டார் மனிதர்.

கொல்லையில் ஒரு குழாய், பக்கத்தில் துணி துவைக்கிற கல், ஒரு துணிக்கொடி, ஓரத்தில் சோகையாக ஒரு எலுமிச்சை மரம். மற்ற இடமெல்லாம் கறுப்பாக, இறுகிப் போன தரை. முதலில் சோதனை, அப்புறம் டீ, டீ குடிக்கும்போது பேத்தியைப் பற்றிச் சொல்வது என்று அவர் மனதுக்குள் ஒரு வரிசை வைத்திருந்தார். இன்னும் இரண்டு வாரத்தில் மகள், மாப்பிள்ளை, இரண்டரை வயதுப் பேத்தி எல்லோரும் இந்த வீட்டுக்கே குடிவரப் போகிறார்கள். மாப்பிள்ளைக்கு இந்த ஊருக்கு மாற்றல். ஊஞ்சல் வாங்கியாகிவிட்டது, முன்னறையில் அட்டைப்பெட்டிக்குள் இருக்கிறது. இவ்வளவையும் சொல்ல அரை மணி நேரமாவது ஆகும். அவருக்கு அது பெரிய விருந்து.

அவள் குந்தி உட்கார்ந்து கருவியின் மூக்கைத் தரையில் வைத்தாள். அரை நிமிடம் கழித்து எண்ணைப் பார்த்தாள். நான்கு தப்படி தள்ளி இன்னொரு தடவை வைத்தாள். எலுமிச்சை மரத்தடியில் வைத்தாள். துவைக்கிற கல்லின் பக்கத்தில் வைத்தாள். ஆரம்பத்தில் அவர் சொன்னதற்கெல்லாம் "ஓ, அப்படியா" என்று கேட்டுக்கொண்டிருந்தவள் இப்போது எதுவும் கேட்கவில்லை. வீட்டுக்குள் வந்து ஜன்னல் விளிம்பிலிருந்த தூசியிலும் ஒரு தடவை வைத்துப் பார்த்தாள்.

"சார், அந்த மண்ணு எங்கேருந்து வந்துது?"

"நான்தாம்மா கொண்டாந்து போட்டேன். சைக்கிள்ல, மூட்டை மூட்டையா, ரெண்டு வருஷம். அப்ப இங்க முழங்கால் அளவு பள்ளம். மழை பேஞ்சா தவளைதான் குடித்தனம் பண்ணும். ஃபேக்டரிக்குப் பின்னாடி குன்று மாதிரி கொட்டிக் கிடந்துது. வேணுங்கிறவன் அள்ளிக்கோன்னுட்டாங்க. அள்ளிக்கிட்டோம்."

ஓசியில் கிடைத்தால் எனக்கொன்று எங்கப்பனுக்கொன்று என்பது மனித சுபாவம்தானே. அந்தத் தொழிற்சாலையில் பழைய பேட்டரிகளை உடைத்து, உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளை உலையில் உருக்குவார்கள். உருக்கி எடுத்ததுபோக மிஞ்சுகிற கறுப்புக் கசடுதான் அந்தக் குன்று. அதைப் போல நிரப்புவதற்கு வசதியான பொருள் கிடையாது என்று அங்கே வேலை பார்த்த எல்லோரும் நம்பினார்கள். தண்ணீர் நிற்காது, காலில் ஒட்டாது, புல் பூண்டு முளைக்காது, எறும்பு கூட அண்டாது. எறும்பு ஏன் அண்டவில்லை என்று ஒருவர் கூட ஒரு நாளும் கேட்கவில்லை.

அவள் கருவியைத் திருப்பி எண்ணைக் காட்டினாள். ஆறாயிரத்து நூறு.

"ஒரு கிலோ மண்ணுல இத்தனை மில்லிகிராம் ஈயம் சார். நானூறத் தாண்டினாலே குழந்தைங்கள விளையாட விடாதீங்கன்னு சொல்லுவோம்."

"பழசாச்சேம்மா. இருவத்தெட்டு வருஷம் ஆச்சு. இந்நேரம் மழையில கரைஞ்சிருக்காதா?"

"இது கரைஞ்சு போற சமாச்சாரம் இல்ல சார். நூறு வருஷம் ஆனாலும் இருக்கும். வெயில்ல தூசியாப் பறந்து வீட்டுக்குள்ள வரும். கீரை கிள்ளினா கீரையில வரும், கோழி வளத்தா முட்டையில வரும். பெரியவங்களுக்கே ரத்தக்கொதிப்பு, கிட்னி பிரச்சினையெல்லாம் வரலாம். குழந்தைங்களுக்கு அதவிட மோசம். மண்ணுல விளையாடிட்டுக் கைய வாயில வைக்குங்கள்ல, அது நேரா மூளைக்குப் போகும். வயித்த வலிக்குதுன்னு அழும். படிப்பு ஏறாது, ஒண்ணுல மனசு நிக்காது. வெளிய பாத்தா ஒண்ணுமே தெரியாது சார், அதான் கஷ்டம்."

பிறகு பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தாள். லிஸ்டில் இல்லாவிட்டாலும் இவ்வளவு பெரிய எண்ணைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியாது என்றாள்.

"வீட்டுல ஆறு வயசுக்குள்ள குழந்தைங்க இருக்காங்களா?"

"இல்ல."

"கர்ப்பிணிங்க யாராவது?"

மகளுக்கு இது ஐந்தாம் மாதம்.

"இல்ல," என்றார்.

இன்றைய தேதிக்கு இரண்டும் உண்மைதான். அந்த உண்மையைச் சொல்லும்போது அவருக்குக் காது சுட்டது. அவள் இரண்டு கட்டத்திலும் கோடு போட்டாள். தரையை ஈரத்துணியால் துடைக்கச் சொன்னாள், கொல்லையில் விளைவதைச் சாப்பிட வேண்டாம் என்றாள், ரத்தம் சோதித்துக்கொள்ளச் சொன்னாள். தன் நம்பரை எழுதிக் கொடுத்தாள். வாசல் வரை போனவளை அவர் நிறுத்தினார்.

"ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி இங்க வளந்த குழந்தை இருந்தா, அதுக்கு?"

"ஒருத்தரக் காட்டி, இது இதனாலதான்னு யாராலயும் சொல்ல முடியாது சார்," என்றாள் அவள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். அவர் டீ கொடுக்க மறந்துபோனார். பேத்தியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அன்று முழுக்க அவருக்கு ஒரே ஒரு காட்சிதான் திரும்பத் திரும்ப வந்தது. மகளுக்கு அப்போது ஏழெட்டு வயது. வாய்ப்பாடு ஏறவே ஏறாது. காலையில் சொன்னது மாலையில் இருக்காது. வேலை முடிந்து வந்த சட்டையோடு அவர் எதிரே உட்கார்ந்து "ஏழெட்டு எவ்வளவு?" என்பார். அவள் அவர் வாயையே பார்ப்பாள், விடை அங்கேயிருந்து வரும் என்பது போல. "மக்கு, மக்கு" என்று தலையில் குட்டி, கொல்லையில் துவைக்கிற கல்லில் கொண்டுபோய் உட்கார வைப்பார். "வாய்ப்பாடு வர்ற வரைக்கும் உள்ள வராதே." அவள் குனிந்து அந்தக் கறுப்பு மண்ணில் விரலால் ஏழு, எட்டு என்று எழுதுவாள். அழிப்பாள். விரலை நக்கிக்கொண்டு மறுபடி எழுதுவாள். வயிறு வலிக்கிறது என்பாள். படிக்காமல் இருக்கப் பொய் சொல்கிறாள் என்று அவர் நினைப்பார். கடைசியில் அவள் அம்மாதான் பொறுக்க மாட்டாமல் பின்கதவைத் திறந்து, "நீ உள்ள வா, அவர் கிடக்கார்" என்று கூப்பிட்டுக்கொள்வாள்.

பத்தாம் வகுப்பில் இரண்டு தடவை தவறினாள். தையல் கற்றுக்கொண்டாள், கல்யாணம் ஆயிற்று. சொந்தக்காரர்கள் கூடுகிற இடத்திலெல்லாம் "என் பொண்ணுக்கு எல்லாம் இருக்கு, மேல்மாடிதான் காலி" என்று அவர் சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். தன்னைச் சுட்டிருந்தால் அவருக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மாலை மகள் போன் செய்தாள். பின்னால் பேத்தி எதையோ தட்டிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

"லாரி சொல்லியாச்சுப்பா. இருவதாம் தேதி கிளம்பறோம். உங்க பேத்தி இப்பவே செருப்பப் போட்டுக்கிட்டு வாசல்ல நிக்கறா."

இருபதாம் தேதி என்றதும் அவர் முன்னறையில் கிடந்த ஊஞ்சல் பெட்டியைப் பார்த்தார். இருபதாம் தேதிக்குப் பிறகு காலையில் ஒரு குரல் கேட்கும், சாப்பிட்டீங்களாப்பா என்று ஒருத்தி கேட்பாள், ஒரு குட்டிச் செருப்பு வாசலில் கிடக்கும். சொல்லிவிட்டால் இதில் ஒன்றும் கிடையாது.

"அம்மாடி, கொல்லைக்கு சிமெண்ட் போட்டுரலாம்னு பாக்கறேன்."

"ஐயோ, வேண்டாம்ப்பா. நாலாவது மாடியில கிடக்கற இதுக்கு மண்ணுல விளையாடவே வழியில்ல. அந்த மண்ணுக்காகத்தான் எனக்கு அங்க வரவே ஆசை. நான் வளந்த மாதிரி வளரட்டும்."

நான் வளர்ந்த மாதிரி என்று அவள் சந்தோஷமாகத்தான் சொன்னாள். அவர் சரிம்மா என்று சொல்லி வைத்துவிட்டார்.

சரி என்று சொன்னாரே தவிர, மறுநாள் காலையிலேயே கொத்தனாருக்கு ஆள் அனுப்பிவிட்டார். மேலே கான்கிரீட் போட்டு மூடிவிட்டால் என்ன? வந்து பார்த்துக் கோபித்துக்கொள்வாள். நாலு நாள் கோபம், அப்புறம் சரியாகிவிடும். ஜன்னல் தூசியை அவரே தினம் இரண்டு வேளை துடைப்பார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதென்று முடிவு செய்துவிட்டால் மனது அதற்கு வேண்டிய நியாயத்தையெல்லாம் தானே தயார் செய்து கொடுத்துவிடும்.

கொத்தனார் வந்தார். நாற்பது வயதிருக்கும், அதிகம் பேசாதவர். பேத்தி வரப் போகிறது, அதற்காகத் தரை வேண்டும் என்று மட்டும் பேட்டரிக்காரர் சொன்னார். கொத்தனார் கொல்லையை நடந்து அளந்தார், மூலையில் கடப்பாரையால் குத்திப் பார்த்தார். பெயர்ந்து வந்த கறுப்புக் கட்டியைக் கையில் எடுத்து நொறுக்கினார். அவர் முகம் மலர்ந்தது.

"மேல ஒரு அடி வெட்டி எடுத்துட்டுத்தான் சார் தளம் போடணும். இல்லாட்டி வாசப்படிய விட ஏறிரும். வெட்டி எடுக்கிற மண்ண என்ன பண்ணப் போறீங்க?"

"ஏன்?"

"வேண்டாம்னா நான் எடுத்துக்கறேன் சார். எங்க வீட்டு முன்னாடி ஒரே பள்ளம், மழை பேஞ்சா குளம்தான். இது நல்லா இறுகி நிக்கும் போலிருக்கே. தண்ணியும் தங்காது, காலுலயும் ஒட்டாது."

இருபத்தெட்டு வருடத்துக்கு முன்னால் இதே வார்த்தைகளைச் சொல்லித்தான் பேட்டரிக்காரர் சூப்பர்வைசரிடம் முதல் மூட்டைக்கு அனுமதி கேட்டார். அந்த சூப்பர்வைசர் ஒரு நிமிடம் தயங்கினார், பிறகு "எடுத்துட்டுப் போ" என்றார். அந்த ஒரு நிமிடத் தயக்கம் எதற்கு என்று இவருக்கு இப்போதுதான் புரிந்தது.

"உனக்குப் பசங்க எத்தனை?"

"ரெண்டு சார். சின்னவன் இப்பத்தான் தவழறான்."

வேண்டாம் என்று மட்டும் சொல்லிப் பார்க்கலாம். காரணம் இல்லாத வேண்டாம் எந்தக் கொத்தனாரிடம் எடுபடும்? வெட்டிய மண் வண்டியில் ஏறிவிட்டால் அது எந்தப் பள்ளத்தில் போய் விழும் என்று யார் கண்டது? அவருக்கு மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

"அது விஷம்ப்பா," என்றார்.

கொத்தனார் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை என்றதும் தன் கையைப் பார்த்தார்.

பேட்டரிக்காரர் துவைக்கிற கல்லின் பக்கத்தில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். உலை, கசடு, சைக்கிள், கருவியில் வந்த எண், படிவத்தில் சொன்ன இரண்டு 'இல்ல', மகள், வாய்ப்பாடு. ஒரு தடவை கூட நிறுத்தவில்லை. கொத்தனார் குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டே கேட்டார். மூன்று தடவை கழுவினார்.

"மூடிட்டா போதுமா சார்?"

"வீட்டுக்குள்ளயும் தூசி இருக்குன்னு அந்தப் பொண்ணு சொல்லிட்டுப் போச்சு. பின்னறைக்குத் தரை போடும்போது அடியில கொட்டினதும் அதுதான்."

"பொண்ணுகிட்ட சொல்லிட்டீங்களா?"

அவர் குழாயைத் திருகி மூடினார். கொத்தனார் கடப்பாரையைத் துடைத்து எடுத்துக்கொண்டார்.

"முன்னப் பின்ன தெரியாத எனக்கே சொல்லிட்டீங்களே சார்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மதியம் அவரே மகளுக்குப் போன் செய்தார். கொத்தனாரிடம் சொன்ன அதே வரிசையில் சொன்னார், இல்லாவிட்டால் எங்காவது பாதியில் நிறுத்திவிடுவோம் என்று அவருக்குப் பயம். கல்லில் உட்கார வைத்ததையும் சொன்னார். படிப்பு ஏறாது என்று அந்தப் பெண் சொன்னதையும் சொன்னார். மறுமுனையில் போன் கைமாறி, மாப்பிள்ளையின் குரல் வந்தது.

"மாமா, நாங்க பேசிட்டுச் சொல்றோம்."

மரியாதையாகத்தான் சொன்னார். மாமா என்கிற அந்த வார்த்தை யாரோ வேற்று மனிதரைக் கூப்பிடுவது போல் இருந்தது.

பதினோரு நாள் போன் வரவில்லை. அவர் தினம் இரண்டு வேளை தரையைத் துடைத்தார், ஜன்னலைத் துடைத்தார். யாருக்காக என்று கேட்டால் சொல்லத் தெரியாது. போனில் சார்ஜ் முழுதாக இருந்தாலும் மறுபடி செருகி வைத்தார். சிலிண்டர்காரர் வந்தபோது கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். சிலிண்டர்காரர் இரண்டு நிமிடம் வாசலில் நின்று பார்த்தார், உடம்புக்கு என்னவோ என்று நினைத்துக்கொண்டு போனார். இருபதாம் தேதி வந்தது, போயிற்று. தெருவில் ஒரு லாரி திரும்பும் சத்தம் கேட்டு, வேறு யார் வீட்டுக்கோ என்று தெரிந்தும் எழுந்து போய்ப் பார்த்தார். படிவத்தில் எழுதியதைத் திருத்தச் சொல்ல வேண்டும் என்று அந்தப் பெண்ணின் நம்பரை எடுத்து வைத்திருந்தார். இனி அதற்கு அவசியம் இல்லை. குழந்தைகள் இல்லை, கர்ப்பிணிகள் இல்லை என்பது இப்போது நூற்றுக்கு நூறு சரி.

பன்னிரண்டாம் நாள் பொழுது சாய்கிற நேரத்தில் போன் அடித்தது. மகள்தான்.

"ஆபீஸ் பக்கத்துல ஒரு வீடு பாத்துட்டோம்ப்பா. மூணாவது மாடி."

"சரிம்மா."

"மூணு பேரும் ரத்தம் குடுத்துப் பாத்தோம். குட்டிக்கு ஒண்ணும் இல்ல. ரெண்டு தடவதானே அங்க வந்திருக்கு."

"உனக்கு?"

"கொஞ்சம் இருக்காம். சின்ன வயசுல போனது எலும்புல தங்கிக்குமாம்ப்பா. வயித்துல குழந்தை இருக்கும்போது அது இறங்கி வருமாம். மாசாமாசம் வந்து காட்டச் சொல்லியிருக்காங்க. பயப்படற அளவுக்கு இல்லன்னாங்க."

மன்னிச்சுக்கோம்மா என்று அவர் சொல்ல நினைத்தார், அது அவர் காதுக்கே கேட்காத அளவுக்குத்தான் வெளியே வந்தது. அவளுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.

"அப்பா, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளும்மா."

"அப்ப நான் மக்கு இல்லையாப்பா?"

கோபமாகக் கேட்கவில்லை. பரீட்சைத் தாள் திரும்பி வந்த அன்று மார்க் எவ்வளவு என்று கேட்கிற பிள்ளையின் குரலில் கேட்டாள். முப்பத்திரண்டு வயதுப் பெண், இன்னொரு குழந்தையை வயிற்றில் வைத்திருப்பவள். ஒருவரைக் காட்டி இதனால்தான் என்று யாராலும் சொல்ல முடியாது என்ற அந்தப் பரிசோதகரின் வாக்கியம் அவர் நினைவுக்கு வந்தது. தப்பித்துக்கொள்ள நல்ல வாக்கியம்தான். அவர் அதை எடுக்கவில்லை.

"இல்லம்மா. நீ மக்கு இல்ல. ஒரு நாளும் இல்ல. நான்தான்."

அவள் மூக்கை உறிஞ்சினாள். பின்னால் பேத்தி ஏதோ கேட்டது, அவள் இரு இரு என்றாள்.

"ஏழெட்டு அம்பத்தாறுப்பா," என்றாள். வைத்துவிட்டாள்.

அவர் பின்கதவைத் திறந்தார். பரிசோதகர் வந்துபோனதிலிருந்து தேவையில்லாமல் அந்தப் பக்கம் போவதில்லை என்று வைத்திருந்தார். போய்த் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். மத்தியானம் தூறியிருந்தது, தரை அதற்குள் காய்ந்து எப்போதும் போல் சுத்தமாக இருந்தது. பக்கத்து வீடுகளில் ஒவ்வொன்றாக விளக்கு போட்டார்கள். உள்ளே வா என்று கூப்பிட அவள் அம்மா இல்லை. அவர் இருட்டும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.